மல்லாட்டை மிஷின் அடித்த பம்பை

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை உடைக்கிற மில்லில், மிஷின் என்ன பாட்டுப் பாடுகிறது என்பதற்காக இரண்டு பெண்களுக்குள் அடிதடி நடந்திருக்கிறது. ஒருத்தி அது தாலாட்டு என்றாள். இன்னொருத்தி, இல்லவே இல்லை, நடவுப் பாட்டு என்றாள். முறம் பறந்தது. புடைத்து வைத்த பருப்பு திரும்பவும் தூசியில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் இருவரும் என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். மிஷினை ஓட்டுகிறவன் நான்தானே.

"மிஷின்காரரே, நீயே சொல்லு. இது இன்னா பாட்டு பாடுது?"

"பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. மல்லாட்டை ஓட்டை உடைக்குது."

அதுவரை ஒருவர் முடியை ஒருவர் பிடித்திருந்தவர்கள் உடனே ஒன்றாகிவிட்டார்கள். "அது காதா, இல்ல சட்டை மாட்ற ஆணியா?" என்று தாலாட்டுக்காரி கேட்டாள். நடவுக்காரி, "ஆணின்னாலும் தட்டினா ஒரு சத்தம் வரும்டி" என்றாள்.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சங்கீதம் எனக்குக் காது வரைக்கும் வரும். அதைத் தாண்டி உள்ளே போகாது. விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தண்டைப் பக்கம் பிறந்தவன் நான். ஆறாம் வகுப்பில் பாதியில் படிப்பு நின்றது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்றைக்கு வரை தெளிவாகவில்லை. மார்கழியில் பஜனைக் கோஷ்டியோடு தெருத்தெருவாகப் போனால் முடிவில் பொங்கல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அதில் சேர்ந்தேன். மூன்றாம் நாள் பாகவதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ வாயை மட்டும் அசைச்சிக்கினு வா. சத்தம் வேணாம். உனக்கு ரெட்டைப் பங்கு பொங்கல் தர்றேன்" என்றார். அந்த மாதம் முழுவதும் ஊமையாகப் பக்தி செய்து நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு ஒரு கூத்துச் செட்டில் பின்பாட்டுக்கு ஆள் குறைகிறது என்றார்கள். ஒரே ஆட்டம்தான். நான் வாயைத் திறந்தவுடன் ராஜா வேஷக்காரர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மத்தளத்தின் மேல் விழுந்தது. சபை அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டியது. எனக்கு வழிச்செலவு கூடத் தராமல் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவினேன். லாரியில் கிளீனராகப் போனேன். ரோட்டுக்கு ஜல்லி உடைத்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் நிற்காது. பண்ருட்டியில் மட்டும் ஆயில் இன்ஜின் மேஸ்திரி ஒருவரிடம் இரண்டு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அவர் கடையில் ஒரு வேளைச் சோறும் இரண்டு வேளைத் திட்டும் கிடைக்கும். அந்தத் திட்டில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் திண்டிவனம் மில்லில் மிஷின்காரன் ஆனேன். ஐம்பதுகளின் கடைசி அது. படுக்கை, கோணிப்பை. சாப்பாடு, காலையில் கேப்பைக் கூழ். மத்தியானம் அதுவே கொஞ்சம் கெட்டியாக.

மில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சுவரோரம் இன்ஜின். அதிலிருந்து ஒரு நீளமான தோல் பெல்ட் போய் மிஷினைச் சுற்றும். மிஷினுக்கு மேலே ஒரு தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்தில் ஒரு பலகை போட்டிருக்கும். பலகையில் நின்று ஒருவர் மூட்டை மூட்டையாக மல்லாட்டையைத் தொட்டியில் கொட்டுவார். கீழே பருப்பு ஒரு பக்கம், தொப்பை என்கிற உடைந்த ஓடு ஒரு பக்கம் வந்து விழும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து புடைப்பார்கள், பொறுக்குவார்கள், சண்டை போடுவார்கள்.

பலகை மேல் நிற்கிறவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்போம். நாற்பது வயது இருக்கும். மண்டகப்பட்டுப் பக்கத்து ஆள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. ஊரில் களை எடுப்பு, அறுப்பு என்று வேலை இருக்கிற வரை இருப்பார்கள். இல்லாத மாதங்களில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவார்கள். சூளையில் ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார். மில்லில் வேலை கிடைத்த பிறகுதான் பின்பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மீதி இரண்டு பிள்ளைகளையும் திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் நாலு, "மூட்டையை எடு" என்பதாக இருக்கும்.

தை மாதம் ஒரு புதன்கிழமை பெல்ட் அறுந்தது. சரியான சீசன் நேரம். மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அறுந்த இடம் நைந்து போயிருந்ததால் இரண்டு முனையையும் சேர்த்தால் நீளம் போதவில்லை. புது பெல்ட் மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். ஆகவே ஒரு பழைய பெல்ட்டிலிருந்து ஒரு முழத் துண்டு வெட்டி நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தோல் வாரால் தைத்து ஒட்டுப் போட்டேன். முன்னே ஒரே ஒட்டு இருந்த பெல்ட்டில் இப்போது மூன்று ஒட்டுகள், இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. பெல்ட் சுற்றும்போது ஒட்டு ஒவ்வொன்றும் சக்கரத்தில் ஏறி 'டக்' என்று அறையும். அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஓடுகிறதா, ஓடுகிறது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை இன்ஜினைப் போட்டேன். தொட்டிக்காரர் மூன்று மூட்டை கொட்டினார். நாலாவது மூட்டையைத் தூக்கினவர் அப்படியே நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. மூட்டை கீழே விழுந்தது. "ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். பலகையிலிருந்து ஒரே குதியாகப் பருப்புக் குவியலில் குதித்தார்.

நான் பெல்ட்டில் அடிபட்டுவிட்டார் என்று ஓடினேன். பெண்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அவர்களில் மூத்தவள், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் போல முன்னால் வந்து நின்றாள்.

"யாரும்மா வந்திருக்கறது?"

"நாந்தான்டி! எல்லைக்காரி வந்திருக்கேன்!"

"ஆடியில வர்றவ தையில வந்திருக்கியே தாயே. இன்னா கொறை?"

"எனக்கு ஒரு கொறையும் இல்லடி. கூப்ட்டீங்க, வந்தேன். கூப்ட்டது யாரு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிடவில்லை என்று நானாகவே சொன்னேன். இதற்குள் மிஷின் காலித் தொட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடினால் பல் உடையும். ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். அது இரண்டு தடவை பெருமூச்சு விட்டு அடங்கியது. அதே நேரத்தில் அம்மனும் அடங்கினாள்.

"மலையேறிட்டா" என்றாள் பெரியக்கா.

தொட்டிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஏன் மிஷினை நிறுத்திட்டீங்க?" என்று என்னைக் கேட்டார். பலகையில் ஏறினார். இன்ஜினைப் போட்டேன். நாலாவது மூட்டை. "ஏய்ய்ய்!"

மத்தியானத்துக்குள் மூன்று தடவை. மூன்றாவது தடவை முதலாளி வந்துவிட்டார். பெருமுக்கல் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கருமி, ஆனால் சாமி விஷயத்தில் பயந்தவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கை கூப்பினார்.

"தாயே, சீசன் நேரம். மூட்டை மலையாட்டம் கெடக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்தீன்னா நிம்மதியா பேசலாம்."

"எனக்கே டைம் சொல்றியாடா?"

"அய்யய்யோ, டைம் இல்ல தாயே. ஒரு விண்ணப்பம்."

"நான் இன்னா டவுன் பஸ்ஸாடா, நீ சொல்ற நேரத்துக்கு வர்றதுக்கு!"

முதலாளி பின்னாலேயே நடந்து வெளியே போனார். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசம். பெண்கள் தயாராக வந்திருந்தார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீர், ஒருத்தி வேப்பிலை, ஒருத்தி கற்பூரம். காணாமல் போன ஆடு எங்கே என்று ஒருத்தி கேட்டாள். மருமகள் எப்போது திரும்பி வருவாள் என்று ஒருத்தி. வராமலே இருக்க என்ன செய்ய வேண்டும் என்று இன்னொருத்தி. தெருவில் போகிறவர்களும் உள்ளே வர ஆரம்பித்தார்கள். தாலுக்கா ஆபீஸ் பியூன் ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, "மிஷின் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவருக்கு மாற்றல் வருமா என்று தெரிய வேண்டுமாம். அன்றைக்கு உடைத்தது மொத்தம் பதினோரு மூட்டை.

முதலாளிக்குப் பக்தி தீர்ந்துவிட்டது. "நாலு மூட்டைக்கு ஒரு சாமியா? எந்த ஊர்லயும் இந்த ரேட்டுக்குச் சாமி வந்தது கெடையாது. நடிக்கிறான்" என்றார்.

தொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிஷின் சத்தம் கேட்டுத்தானே வருது? காதுல பஞ்சை வைங்கடா" என்றார் முதலாளி. நான் இலவம் பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் திணித்தேன். மேலே ஒரு துண்டும் கட்டினோம். பல்வலிக்காரர் மாதிரி பலகையில் ஏறினார். ஆறு மூட்டை கொட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழாவது மூட்டைக்குக் கால் கட்டைவிரல் மட்டும் பலகையில் தட்டத் தொடங்கியது. அப்புறம் முழங்கால். அப்புறம் தோள். கீழேயிருந்து மேலே ஏறி வந்தாள் அம்மன். காதை அடைத்தால், பலகை அதிர்வதைப் பாதம் கேட்டுக்கொள்கிறது. அதற்கு என்ன பஞ்சு வைப்பது?

"திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றார் முதலாளி. "திங்கட்கிழமையும் வந்தா, கணக்கைத் தீத்துக்கினு குடிசையைப் பிரிச்சிக்கினு போவட்டும். வேற ஆள் கொண்டாறேன்."

அன்று சாயங்காலம் தொட்டிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் என்னோடு பேசின நீளமான பேச்சு அதுதான்.

"சத்தியமா நடிக்கல தம்பி. கம்னு மூட்டையைக் கொட்டிக்கினு இருக்கேன். ஒடம்பு எதுக்கோ காத்துக்கினு இருக்கற மாதிரி இருக்குது. அப்பால எனக்குத் தெரியல. திரும்பவும் சூளைக்குப் போனா இந்தப் புள்ளைங்களையும் ஒண்ணொண்ணாக் குடுத்துட்டு வரணும்."

அப்போதுதான் அந்தப் பக்கமாகப் போன தாலாட்டுக்காரி, "மிஷினுக்கு இன்னா வந்துச்சோ, நேத்திலேந்து என் பாட்டையே பாடமாட்டேங்குது" என்றாள். பின்னால் வந்த நடவுக்காரியும், "எனுதும் போச்சுக்கா" என்றாள்.

என் காதுக்கு மிஷின் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே மாதிரிதான் கத்தியது. ஆனால் புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியும். அதை ஒட்டினதே நான்தான். தொட்டிக்காரரைக் கேட்டேன்: "உங்க ஊர்ல ஆடி மாசம் அம்மனை அழைக்கப் பம்பை மோளம் அடிக்கறது யாரு?"

விழுப்புரத்து ஆள் என்றார்.

சனிக்கிழமை பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் போனேன். வண்டி பூராவும் எனக்கு ஒரே யோசனை. எதிரில் இருந்தவர்களிடம், ரயில் ஓடும்போது உங்களுக்கு என்ன கேட்கிறது என்று விசாரித்தேன். ஒரு வாத்தியார் வாய்ப்பாடு என்றார். மடியில் இருந்த ஒரு குழந்தை, "மாமா வூடு மாமா வூடு"ன்னு சொல்லுது என்றது. கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், அவள் புருஷனின் குறட்டை என்றாள். ஒரு கிழவர் ரயில் தன்னைத் திட்டுகிறது என்றார். என்ன திட்டு என்று கேட்டதற்கு, பொம்பளைங்க இருக்கறாங்க, சொல்ல முடியாது என்றார். தண்டவாளம் ஒன்று, சக்கரம் ஒன்று. முண்டியம்பாக்கம் வருவதற்குள் அந்த ஒரு சத்தத்துக்கு நாலு அர்த்தம் சேர்ந்துவிட்டது. சத்தம் வெளியிலிருந்து வருகிறது, பாட்டை அவரவர் தலைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. என் தலைக்குள் யாரும் எதுவும் வைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ரயில் ரயிலாகத்தான் ஓடியது.

பம்பைக்காரர் ஒல்லியான மனிதர். வாய் நிறைய வெற்றிலை. மிஷின் பம்பை அடிக்கிறது என்று நான் சொன்னதும், "போய்யா, பேஜாரு பண்ணாத" என்று வெற்றிலையைத் துப்பினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மில் மூடியிருக்கும்போது வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். வந்தார். இன்ஜினைப் போட்டேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அவர் விரல்கள் தொடையில் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. முகம் கறுத்தது.

"அடப்பாவி. இது என் அடி."

"உங்க அடியா?"

"மூணு தலைமொறையா எங்க வூட்டுல அடிக்கற அடி. அம்மனை அழைக்கறதுக்குன்னே இருக்கறது. வேற யாருக்கும் சொல்லித் தரமாட்டோம். உன் மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க ஒரு துண்டுத் தோலு ஒட்டினேன்."

"எங்கப்பன் ஒரு வருசம் ஒதைச்சி ஒதைச்சி எனக்குச் சொல்லிக் குடுத்தத, ஒரு துண்டுத் தோலு ஒரு நாள்ல கத்துக்கிச்சா!" அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெல்ட்டைக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பார் போலிருந்தது.

சமாதானப்படுத்திக் கேட்டேன். பெண்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், தொட்டிக்காரருக்கு மட்டும் ஏன் வருகிறது?

"அவன் ஆத்தா வயித்துக்குள்ள இருக்கும்போதே எங்கப்பன் வெளியில நின்னு இதை அடிச்சிக்கினு இருந்தாரு. வருசா வருசம் கேட்ட ஒடம்பு. மொத அடி விழுந்தா, அடுத்தது எங்க விழும்னு அது முன்கூட்டியே போய்க் காத்துக்கினு நிக்கும். அந்த எடத்துல சரியா விழுந்துச்சுன்னு வெச்சிக்க, வந்துடுவா."

"எனக்கு ஏன் ஒண்ணுமே ஆவல?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் ஒடம்பு எதுக்குமே காத்துக்கினு நிக்காது போல."

அதை நான் இன்று வரை மறுக்கவில்லை.

நான் ஒரு வேலை செய்தேன். ஒரு ஒட்டின் மேல் கோணித் துணியைச் சுற்றித் தைத்து, அந்த 'டக்'கைச் சத்தமில்லாமல் ஆக்கினேன். தொட்டிக்காரரைக் கூப்பிட்டுப் பலகையில் நிறுத்தினோம். இன்ஜின் ஓடியது. மூன்று அடியில் இரண்டுதான் கேட்டது, ஒன்று இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆடத் தொடங்கியது. அந்த இல்லாத அடி விழ வேண்டிய இடத்தில் சரியாக ஆடியது.

"பாத்தியா?" என்றார் பம்பைக்காரர். இப்போது அவர் குரலில் பெருமை. "கொறையறதை அவனே போட்டுக்கறான். எங்க ஆளுங்க அப்படித்தான். நான் நடுவுல வெத்தலை போட நிறுத்தினாக் கூட ஆடிக்கினு இருப்பாங்க."

குறைத்தால் ஆகாது என்றால் கூட்டிக் கெடுக்க வேண்டியதுதான். பெல்ட் மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் போட்டு, அங்கே ஒரு தோல் பட்டையைத் தைக்கச் சொன்னார். ஓட்டிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், இரண்டு விரல்கடை தள்ளிப் போடச் சொல்வார். நாலாவது இடத்தில் சுளிப்பு ரொம்ப மோசமாக வந்தது. அதுதான் அவருக்குப் பிடித்தது.

"இதை அடிச்சா எந்தச் சாமியும் வராது. நாயே வராது. தைரியமாப் போடு."

தொட்டிக்காரர் அரை மணி நேரம் பலகையில் நின்றார். ஒரு மயிர்க்கால் கூட ஆடவில்லை. இறங்கி வந்து பம்பைக்காரர் காலில் விழுந்தார். அவர், "எங்கிட்ட விழாத. ஆடியில ஊருக்கு வா, அங்க விழு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்தார்.

திங்கட்கிழமை காலை முதலாளி எட்டு மணிக்கே வந்து, மூட்டை அடுக்குக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வேறு ஒரு ஆளும் நின்றிருந்தான். மயிலத்திலிருந்து அழைத்து வந்ததாகச் சொன்னார். தொட்டிக்காரரின் பெண்டாட்டி பின்பக்கக் கதவோரம் பாத்திரங்களைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். எப்படியானாலும் தயார் என்கிற மாதிரி.

இன்ஜினைப் போட்டேன். ஒரு மூட்டை. இரண்டு. மூன்று. நாலு. பெண்கள் மஞ்சள் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து. ஆறு. ஏழு. தொட்டிக்காரர் முகத்தில் வியர்வை வழிந்தது. உடம்பு கல் மாதிரி நின்றது. எட்டு. பெரியக்கா சலிப்போடு முறத்தைக் கையில் எடுத்தாள். "அவ்ளோதானா?" என்று ஒருத்தி கேட்டாள். தாலுக்கா ஆபீஸ் பியூன் எலுமிச்சம்பழத்தைத் திரும்பப் பையில் போட்டார்.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது.

முதலாளியின் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு கையால் பிடித்தார். கையும் சேர்ந்து ஆடியது. "மரத்துப் போச்சு" என்றார் எங்களைப் பார்த்து. "ஒண்ணுமில்ல. கால் மரத்துப்…" அந்தப் பேச்சு முடியவில்லை. நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவ்வளவு பெரிய சரீரம் மூட்டை அடுக்கின் மேல் எப்படி ஏறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உச்சியில் நின்று, கடிவாளம் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஹேய்!" என்று கத்தினார்.

விழுப்புரத்துப் பம்பைக்காரருக்கு அவர் பக்கத்து அடிதான் தெரியும். பெருமுக்கல் பக்கத்தில் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாங்களும் கேட்கவில்லை.

பெரியக்கா ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. முறத்தை வைத்தாள். தலையை முடிந்தாள். "யாரு வந்திருக்கறது?"

"குதுரைக்காரன் வந்திருக்கேன்டி! எல்லை காக்கறவன்! சுருட்டு எங்கடி?"

முதலாளிக்குப் புகையிலை வாடையே ஆகாது. மில்லில் யாரும் புகைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர். பெண்கள் பதறிப்போய் அக்கம்பக்கம் கேட்டார்கள். மயிலத்து ஆள் மடியிலிருந்து ஒன்றை எடுத்து, "பீடிதான் இருக்குது சாமி" என்றான்.

"குடுடா அதையாவது!"

சாமி பீடியைப் பற்ற வைக்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு குதிரை ஓட்டியது. மூட்டை அடுக்கு சரிந்தது. பியூன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை மறுபடி எடுத்தார். மாற்றல் உண்டா என்று கேட்கப் போகிறவர் போல முன்னால் வந்தார். ஆனால் அவருக்கு முன்னால் தொட்டிக்காரர் பலகையிலிருந்து இறங்கிவிட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பி நின்றார்.

தொட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. பல் உடையும் என்று எனக்குத் தெரியும். என் கை இன்ஜினை நிறுத்துகிற கம்பியின் மேல் இருந்தது. நிறுத்தினால் சாமி மலையேறிவிடும். கையை எடுத்துவிட்டேன்.

"சாமி, நான் ஒண்ணு கேக்கணும்."

"கேள்றா!"

"இந்த மில்லுல எனக்கு வேலை இருக்குதா, இல்லியா?"

சாமி ஒரு சுற்றுச் சுற்றியது. "இருக்குதுடா!"

"எது வரைக்கும் சாமி?"

"மில்லு இருக்கற வரைக்கும்டா! அதுக்கு அப்பாலயும்டா!"

"மொதலாளி தொரத்திட்டார்னா?"

"எவன்டா அவன் மொதலாளி? ஹேய்! வரச் சொல்லுடா அவனை! நான் பாத்துக்கறேன்!"

தொட்டிக்காரர் கீழே விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்த பிறகுதான் நான் கம்பியை இழுத்தேன். இன்ஜின் பெருமூச்சு விட்டது. முதலாளி மூட்டைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். வாயில் இருந்த பீடியை எடுத்து, அது யாருடையது என்பது போலப் பார்த்தார். பெரியக்கா மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். அந்த ஐந்து நாளில் அவள் அவ்வளவு சந்தோஷமாக ஊற்றி நான் பார்க்கவில்லை.

தொட்டிக்காரரின் பெண்டாட்டி கதவோரத்தில் பாத்திர மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்காரர் பலகையில் ஏறி, அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தார். "வேணும்னுதான் கேட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

"சாமி எதிர்ல வந்து நிக்குது. கேக்கலன்னா அதுக்கு மரியாதை இல்லியே" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலாளி என்னைச் சாடை காட்டிச் சுவரோரமாகக் கூப்பிட்டார்.

"நான் இன்னாடா சொன்னேன்?"

"அவருக்கு வேலை இருக்குதுன்னு சொன்னீங்க. மில்லு இருக்கற வரைக்கும்."

"அப்படியா சொன்னேன்?"

"நீங்க சொல்லலீங்க. சாமி சொல்லிச்சி. அதுக்கு அப்பாலயும்னு சேத்து சொல்லிச்சி."

ரொம்ப நேரம் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். மயிலத்து ஆளைப் பார்த்தார். அவன், பீடியைத் திருப்பித் தருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஊருக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"கூலி ஏத்தித் தர்றேன்னு எதுனா சொல்லிட்டேனா?"

"அதை யாரும் கேக்கலீங்க."

அவர் விட்ட மூச்சு இன்ஜின் விட்ட மூச்சைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அவர் காதருகே பேசினாரே தவிர மெதுவாகப் பேசவில்லை. மில்லில் மிஷின் நின்று, பன்னிரண்டு பெண்களும் வாய் மூடியிருந்த அந்த ஒரே நிமிஷத்தில் பேசிவிட்டார்.

பெரியக்கா எழுந்தாள்.

"மிஷின்காரரே," என்றாள், தலையை முடிந்துகொண்டே. "ஜல்தி மிஷினைப் போடு."